ஓய்வு பெற்றவரின் வீட்டுக்குப் பிள்ளையைப் பணயமாகக் கேட்காதீர்கள்

பீர்மேடு தாலுகாவின் தேயிலைத் தோட்ட நிர்வாகங்களுக்கும், கேரள அரசின் தொழிலாளர் துறைக்கும், தோட்டத் தொழிற்சங்கங்களின் தலைவர்களுக்கும்:

காலையில் பேர் பதிந்து வேலைக்கு ஆள் பிரிக்கும் எங்கள் எஸ்டேட் பெரட்டுக்களத்தில் போன மாதம் ஒரு நோட்டீஸ் ஒட்டப்பட்டது. ஓய்வு பெற்றவர்களில் யாருடைய மகனோ மகளோ மருமகளோ செக்ரோலில், அதாவது எஸ்டேட்டின் தொழிலாளர் பதிவேட்டில், இல்லையோ, அவர்கள் ஒரு மாதத்துக்குள் லயத்து வீட்டை, அதாவது எஸ்டேட் கொடுத்த வரிசை வீட்டை, காலி செய்ய வேண்டும், சாவியை ஆபீஸில் ஒப்படைத்த பிறகே சர்வீஸ் பணம் எனும் பணிக்கொடை தரப்படும் என்று அதில் எழுதியிருந்தது. கீழே பெயர்ப் பட்டியல். அதில் என் அம்மாவின் பெயரும் உண்டு.

இது புதுப் பழக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஏலப்பாறை, வண்டிப்பெரியாறு பக்கம் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். முன்பு சூப்பர்வைசர் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போனது இப்போது சீல் வைத்த தாளாக வந்திருக்கிறது. அதனால் நானும் எழுத்திலேயே பதில் சொல்கிறேன். எங்கள் நிர்வாகத்துக்கு மட்டும் எழுதினால் இது ஒரு வீட்டுத் தகராறாகச் சுருங்கிவிடும். அம்மா வயதுப் பெண்கள் ஒரு தலைமுறையாகவே இப்போது வேலையை விட்டு இறங்குகிறார்கள். அதனால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

என் அம்மாச்சி சங்கரன்கோவில் பக்கமிருந்து கங்காணியோடு மலையேறி வந்தவர். அவர் ரிட்டயர் ஆனதும் அம்மாவின் பெயர் செக்ரோலில் ஏறியது, வீடும் அம்மா பெயருக்கு மாறியது. யாரும் யாரையும் காலி செய்யச் சொல்ல வேண்டி வரவில்லை. அம்மாச்சி அதே வீட்டில், அதே அடுப்படியில், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு கடைசிவரை இருந்தார். தாய்க்குப் பின் மகள், தகப்பனுக்குப் பின் மகன் என்று எஸ்டேட்டுக்கும் ஆள் கிடைத்தது, முதியவருக்கும் கூரை கிடைத்தது. பிள்ளைகளுக்கு வேறு போக்கிடம் இல்லாதவரை இந்த ஏற்பாடு யாருக்கும் உறுத்தவில்லை.

இப்போது எங்கள் லயத்தைப் பாருங்கள். முதல் வீட்டில் வயதான கணவனும் மனைவியும். மகன் எர்ணாகுளத்தில் டாக்சி ஓட்டுகிறான். அடுத்த வீடு பூட்டிக் கிடக்கிறது, ஓடு சரிந்து மழைத்தண்ணீர் உள்ளேயே நிற்கிறது. அதற்கடுத்து ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு தம்பதி, சின்னக் குழந்தையோடு. நாலாவது எங்கள் வீடு. ஐந்தாவதில் ஒரு பாட்டியும் இரண்டு பேரப்பிள்ளைகளும். பிள்ளைகளின் அப்பா அம்மா இருவரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில். கடைசி வீட்டில் மட்டும் மருமகள் கொழுந்துக்குப் போகிறாள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது காலையில் பெரட்டுக்கு இந்த ஒரு லயத்திலிருந்தே பத்துப் பேருக்குக் குறையாமல் இறங்குவார்கள்.

நாங்கள் ஏன் கொழுந்தெடுக்க வரவில்லை என்று நீங்கள் கேட்கலாம். வரக்கூடாது என்றுதான் எங்களைப் படிக்க வைத்தார்கள். இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, அட்டைக்கடிக்கு உப்பைத் தேய்த்துக்கொண்டு, மழையில் நனைந்த கொழுந்துச் சாக்கை எடை போடும் இடம்வரை சுமந்தவர்கள், அந்தக் கூலியில் மிச்சம் பிடித்து எங்களுக்கு ஹாஸ்டல் பீஸ் கட்டினார்கள். அம்மா காதில் கிடந்த தோடு தம்பியின் ஐ.டி.ஐ. படிப்புக்குப் போனது. நான் திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். தம்பி கோயம்புத்தூரில் பிட்டராக இருக்கிறான். எஸ்டேட் கூலியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வாங்குகிறான். அம்மா ஆசைப்பட்டது நடந்திருக்கிறது. அதற்குத் தண்டனையாகத்தான் இந்த நோட்டீஸ் வந்திருப்பதாக அவர் நினைக்கிறார். பிள்ளைகளைப் படிக்க வைக்காமல் இருந்திருந்தால் வீடு தங்கியிருக்குமே என்று அன்றைக்குப் போனில் சொன்னார். ஒரு தாய் வாயிலிருந்து அந்த வார்த்தை வர வைத்தது உங்கள் விதி.

அந்த விதி பிள்ளைகளை என்ன செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் டிவிசனிலேயே ஒரு பெண் பி.காம். இரண்டாம் வருஷத்தோடு நின்றுவிட்டாள். அவள் அம்மாவுக்கு ரிட்டயர்மென்ட் வந்தது, அண்ணன் வெளியூரில். வீட்டைக் காப்பாற்ற யாராவது பேர் கொடுக்க வேண்டும். அவள் கொடுத்தாள். இன்று அவள் எடுக்கும் கொழுந்துக்கு எடை உண்டு, கணக்கு உண்டு. அவள் விட்டுவந்த படிப்புக்கு எந்தக் கணக்கும் இல்லை. இன்னொரு குடும்பத்தில் மகனுக்குப் பெண் பார்த்தபோது முதலில் கேட்டதே "பொண்ணு மலைவேலைக்குப் போகுமா?" என்றுதான். மகன் வெளியே சம்பாதிப்பான், மருமகள் செக்ரோலில் இருந்து மாமியாரின் வீட்டைக் காப்பாற்ற வேண்டும். புருஷன் ஓர் ஊரில், பெண்டாட்டி ஓர் ஊரில், கல்யாணமான புதிதிலேயே. படித்த பெண்களோ எஸ்டேட் மாப்பிள்ளை என்றாலே வேண்டாம் என்கிறார்கள். சொந்த வீடு இல்லாத இடத்துக்கு எதை நம்பி வருவது என்று அவர்கள் கேட்பதில் தப்பு ஒன்றும் இல்லை. ஒரு குடும்பத்தில் யார் படிப்பது, யார் யாரைக் கட்டுவது, யார் எங்கே வாழ்வது என்பதையெல்லாம் ஒரு வீட்டுச் சாவி தீர்மானிக்கிறது. அந்தச் சாவி உங்கள் கையில் இருக்கிறது.

அம்மாவை உங்களோடு கூட்டிக்கொண்டு போக வேண்டியதுதானே என்று ஆபீஸில் ஒருவர் கேட்டார். நான் இருப்பது ஒரே அறையும் ஓர் அடுப்படியும் உள்ள லைன் வீடு. வாடகையும் அட்வான்ஸும் கொடுத்து அதில் நானும் கணவரும் மகளும் இருக்கிறோம். தம்பி நாலு பேரோடு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறான். மாசாமாசம் நாங்கள் இருவரும் அம்மாவுக்குப் போனிலேயே பணம் அனுப்புகிறோம், அதில் குறை வைக்கவில்லை. ஆனால் பிறந்ததிலிருந்து மலைக்குளிரில் வாழ்ந்தவரை, அக்கம்பக்கம் ஒருவரையும் தெரியாத ஊரில், நாங்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு பகல் முழுவதும் பூட்டிய அறையில் உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை. அவருக்கும் விருப்பமில்லை. அவருடைய ரேஷன் கார்டும் ஓட்டும் இங்கே இருக்கின்றன. அப்பாவைப் புதைத்த இடமும் இங்கேதான்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். சர்வீஸ் பணம் நிர்வாகம் மனமிரங்கிக் கொடுக்கும் அன்பளிப்பு இல்லை. 1972-ஆம் ஆண்டு பணிக்கொடைச் சட்டத்தின்படி ஒவ்வொரு வருஷ சர்வீஸுக்கும் 15 நாள் கூலி தொழிலாளிக்குச் சேர வேண்டும். நாட்கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 30 வருஷத்துக்கு 1,80,000 ரூபாய் வரும். மலையில் நின்ற ஒரு வாழ்நாளுக்கு அவ்வளவுதான். அதையும் 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் வட்டியோடு கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அதை உள்வாங்கிக்கொண்ட 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 30 நாள்தான். நீங்கள் கேட்பது என்ன? முதலில் வீட்டை விட்டு இறங்கு, அப்புறம் பணம். கையில் பணம் இல்லாமல் எந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்து அவர் இறங்குவார்? பணத்தைக் கொடுத்தால்தான் வீடு தேட முடியும், வீட்டை விட்டால்தான் பணம் கிடைக்கும். இதில் மாட்டிக்கொண்ட எத்தனையோ முதியவர்கள் இரண்டையும் பார்க்காமலே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். வாரிசுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு அந்தப் பணத்துக்காகப் பிள்ளைகள் அலைந்ததை எங்கள் லயத்திலேயே பார்த்திருக்கிறேன்.

இதில் இன்னொரு இழப்பும் மறைந்திருக்கிறது. அம்மா வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு வருஷம் டெம்பரவரி என்று போட்டிருந்தார்கள். அதே மலை, அதே கொழுந்து, அதே எடைத்தட்டு. ஆனால் சர்வீஸ் கணக்கில் அந்த ஆறு வருஷம் இல்லை. வருஷத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் டெம்பரவரியாக இருந்தாலும் அது சர்வீஸ்தான். பழைய செக்ரோல் புத்தகங்கள் உங்கள் ஆபீஸில்தான் இருக்கின்றன, எங்களிடம் இல்லை. பென்ஷனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2014-இல் மத்திய அரசு குறைந்தபட்ச பி.எப். பென்ஷனை 1,000 ரூபாய் என்று வைத்தது. அம்மாவுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வருகிறது. பிரஷர் மாத்திரைக்கும் கேஸுக்கும் போக அதில் வீட்டு வாடகை கட்ட முடியாது.

அரசிடம் சொல்ல வேண்டியது இதைவிடப் பழையது. 1970 ஜனவரி 1 முதல் கேரளத்தில் நிலச்சீர்திருத்தம் முழு வேகத்தில் நடைமுறைக்கு வந்தது. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு இருந்தவர்களுக்குப் பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை சொந்தமாக்கிக்கொள்ளும் உரிமை கிடைத்தது. நாடே பாராட்டிய காரியம் அது, நானும் பாராட்டுகிறேன். ஆனால் தோட்ட நிலத்துக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு கொடுத்தார்கள்; லயத்தில் இருந்த எங்கள் ஆட்களுக்கு அந்த 10 சென்ட் வரவில்லை. அரை நூற்றாண்டு கழித்து அதன் விளைவு பணத்தில் தெரிகிறது. மலைக்குக் கீழே, அந்த 10 சென்ட் கிடைத்த கூலித் தொழிலாளியின் மகன் அதை அடமானம் வைத்து வளைகுடாவுக்கு விசா வாங்கினான், மகளை நர்சிங் படிக்க வைத்தான், பிறகு அதே இடத்தில் கான்கிரீட் வீடு கட்டினான். எங்கள் வீட்டில் அடமானம் வைக்க ஒரு தோடுதான் இருந்தது. கல்விக்கடன் கேட்டுப் போனால் பேங்க் மேனேஜர் முதலில் கேட்பது வீட்டு வரி ரசீது. லயத்துக்கு ஏது வரி ரசீது? ஒரே மாநிலம், ஒரே உழைப்பு. ஒரு தலைமுறை ஏறிப்போக அவர்களுக்குப் படி இருந்தது, எங்களுக்கு இல்லை.

1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடுக்கச் சொன்னது உண்மை. அந்தச் சட்டம் போட்ட காலத்தில் அது பெரிய பாதுகாப்பு. தொழிலாளியை நம்பி வாழும் பெற்றோரையும் அது குடும்பம் என்றே கணக்கில் எடுத்தது. ஆனால் வீடு வேலையோடு ஒட்டியது, ஆளோடு ஒட்டவில்லை. பிள்ளை செக்ரோலில் இருந்தால் அம்மா குடும்பம். பிள்ளை கோயம்புத்தூர் போய்விட்டால் அதே அம்மா அத்துமீறிக் குடியிருப்பவர். பிள்ளைகள் மலையை விட்டு இறங்குவார்கள் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். இன்றைக்கு நீங்கள் நினைத்துப் பார்க்கலாம்.

நிர்வாகத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. வேலை செய்கிறவர்களுக்கு வீடு வேண்டும், ஆள் பற்றாக்குறை இருக்கிறது, 2000-ஆம் ஆண்டை ஒட்டித் தேயிலை விலை விழுந்தபோது பீர்மேட்டில் பல தோட்டங்கள் பூட்டப்பட்டதையும் நாங்கள் பார்த்தோம். பூட்டிய தோட்டங்களில் சர்வீஸ் பணமும் கிடைக்காமல், வேறிடமும் இல்லாமல், இடிந்து விழும் லயங்களிலேயே வருஷக்கணக்கில் ஆட்கள் இருந்தார்கள். ஆனால் இடமில்லை என்று சொல்லாதீர்கள். எங்கள் லயத்திலேயே ஒரு வீடு ஓடு மாற்றப்படாமல் பாழாகிறது. டிவிசன் முழுவதும் நடந்து பார்த்தால் இப்படி எத்தனையோ. அந்த வீடுகளைப் பழுதுபார்த்தால் வந்திருப்பவர்களும் இருக்கலாம், ஓய்வு பெற்றவர்களும் இருக்கலாம். ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்திருக்கும் தொழிலாளர்கள் மேல் எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. அவர்களுடைய பிள்ளைகளும் நாளைக்குப் படிக்கத்தான் போகிறார்கள். அப்போது அவர்களுக்கும் இதே நோட்டீஸ்தான் வரும்.

அப்புறம், ஆள் பற்றாக்குறை. பயமுறுத்திப் பேர் வாங்கிய பிள்ளை அம்மா உயிரோடு இருக்கும்வரைதான் இருப்பான். படித்த பிள்ளைகள் திரும்பி வர வேண்டுமானால் கொழுந்துக்கு வெளியேயும் வேலை வேண்டும். ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், மெஷின் பார்க்க, ஆபீஸில் கம்ப்யூட்டரில் கணக்கெழுத, டிராக்டர் ஓட்ட, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்க எஸ்டேட் பிள்ளைகளே இருக்கிறார்கள். ஸ்டாப் வேலைக்கு ஆள் எடுக்கும்போது எங்கள் டிவிசனில் யாருக்கும் ஒரு வார்த்தை தெரிவதில்லை. என் தம்பியைக் கொழுந்து நிறுக்கும் கணக்கில் ஓர் ஆளாகப் பார்க்கிற நிர்வாகம், அதே எஸ்டேட் ஸ்டோரில் ஒரு பிட்டராக ஏன் பார்க்கவில்லை?

சங்கத் தலைவர்களிடம் மனம்விட்டுப் பேச வேண்டியிருக்கிறது. 2015 செப்டம்பரில் மூணாறில் பெண்கள் தாங்களாகவே ரோட்டில் உட்கார்ந்தபோது நாட்கூலி 232 ரூபாய். அவர்கள் 500 கேட்டார்கள். 20 சதவீத போனஸ் கிடைத்தது. அடுத்த மாதம் கூலி 301 ஆனது. அந்த அலையில் எங்கள் பக்கமும் வேலைநிறுத்தம் நடந்தது, அம்மாவும் போனார். கூலியிலும் போனஸிலும் ஓரளவுக்குத் தீர்வு வந்தது. வீட்டு விஷயம் அப்படியே நின்றுவிட்டது. அன்று ரோட்டில் உட்கார்ந்த பெண்களில் பலர் இப்போது 58 வயதைத் தொடுகிறார்கள். உங்கள் சங்கத்துக்கு மாதாமாதம் சந்தா கொடுத்தவர்கள் அவர்கள். ரிட்டயர் ஆன மறுநாள் அவர்கள் உங்கள் உறுப்பினர் பட்டியலிலிருந்தும் போய்விடுகிறார்கள், கூலி பேச்சுவார்த்தையில் அவர்களுக்காகப் பேச ஆளில்லை. நோட்டீஸ் ஒட்டிய அன்று எங்கள் எஸ்டேட்டில் எந்தக் கொடியும் எதிர்த்து நிற்கவில்லை.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை அடித்துக்கொண்டு போனது. 70 உயிர்கள். லயத்தில் வாழ்வது சுகம் என்று நான் சொல்ல வரவில்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். பாதுகாப்பான இடத்தில் சொந்த வீடு கிடைத்தால் அம்மா நாளைக்கே சாவியைக் கொடுத்துவிடுவார். அது கிடைக்கும்வரை அவரை நடுரோட்டில் நிறுத்தாதீர்கள் என்பதுதான் நான் கேட்பது.

எங்கள் நிர்வாகம் அந்த நோட்டீஸை உடனே திரும்பப் பெற வேண்டும். பட்டியலில் உள்ள எல்லோருக்கும் சர்வீஸ் பணத்தை வீட்டோடு முடிச்சுப் போடாமல், தாமதமான நாட்களுக்கு வட்டி சேர்த்துக் கொடுக்க வேண்டும். டெம்பரவரியாக வேலை செய்த வருஷங்களைப் பழைய செக்ரோலைப் பார்த்துச் சேர்க்க வேண்டும். அந்தப் பக்கங்களின் நகலைத் தொழிலாளியின் கையில் தர வேண்டும். மற்ற எஸ்டேட் நிர்வாகங்களும் இதே வழியைப் பின்பற்ற வேண்டும்.

தொழிலாளர் துறை ஒவ்வொரு எஸ்டேட்டிலும் யாருக்கெல்லாம் 30 நாள் கடந்தும் பணம் வரவில்லை என்று பட்டியல் எடுத்துப் பெரட்டுக்களத்தில் ஒட்ட வேண்டும். பட்டியலையும் அதிகாரிகளின் அறிவிப்புகளையும் தமிழிலும் ஒட்டுங்கள், இந்தியிலும் ஒட்டுங்கள். படிக்க வேண்டியவர்கள் படிக்க வேண்டும். ஓய்வு பெற்றவரும் அவர் துணையும், பிள்ளை செக்ரோலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மாற்று வீடு கையில் வரும்வரை லயத்தில் இருக்கலாம் என்று அரசு சட்டமாகவோ உத்தரவாகவோ கொண்டுவர வேண்டும். வீடில்லாதவர்களுக்கு வீடு கொடுக்கும் கேரள அரசின் லைப் மிஷன் திட்டத்தில் நிலமும் வீடும் இல்லாதவர்கள் வரிசையில் ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளர்களை முன்னால் கொண்டுவாருங்கள். மண்சரிவு அபாயமில்லாத இடத்தில், வேலை செய்த பெண்ணின் பெயரிலேயே பட்டா கொடுங்கள்.

அரசும் நிர்வாகங்களும் சங்கங்களும் உட்கார்ந்து கூலி பேசும் தோட்டத் தொழிலாளர் கமிட்டியின் அடுத்த கூட்டத்தில் சங்கங்கள் கூலிக்குச் சமமாக இதையும் வைக்க வேண்டும். பேச்சுவார்த்தைக்கு ஓய்வு பெற்ற பெண்கள் இரண்டு பேரையாவது உடன் அழைத்துப் போங்கள்.

நோட்டீஸில் கொடுத்த கெடு இந்த மாதக் கடைசியில் முடிகிறது. அதற்கு முன்னால் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் பட்டியலில் உள்ளவர்கள் எல்லோரும் பணிக்கொடை அதிகாரியிடம் சேர்ந்து மனுக் கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறோம். மனுக்களை நானே எழுதிக் கொடுக்கிறேன். அதற்கு வேண்டிய படிப்பை அவர்கள்தான் எனக்குக் கொடுத்தார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கொழுந்துத் தொழிலாளி ஒருவரின் மகள்,
பீர்மேடு தாலுகா, இடுக்கி மாவட்டம்